லேசர்க் கதிரும் நம் கண்ணும்

சென்ற பொங்கல் விழாவன்று, சங்கத்து நண்பர்கள் யாவரும் உணவருந்திக் கொண்டிருந்த வேளையில், வேதியியல் துறையில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் என் அருகில் வந்து அமர்ந்தார். “அண்ணா, அடுத்த மாதம் முதல் எனக்கு லேசர் மேசையில் வேலை. கையேட்டைப் படித்துவிட்டு வா என்கிறார் ஆசிரியர். அதுவோ 140 பக்கம். எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை” என்றார். இலையிலிருந்த சர்க்கரைப் பொங்கல் ஆறிப் போகும்வரை அவருக்குச் சொன்னேன். ஆயினும் சொன்னது போதாது என்று பிறகு தோன்றிற்று. நம் சங்கத்தில் இயற்பியல், வேதியியல், உயிரியல், பொறியியல் பயில்வோர் பலர் உளர். இவர்களுள் பலர் இன்றோ நாளையோ ஒரு லேசரின் முன் நிற்க வேண்டியவர்களே. ஆகவே அன்று வாய்மொழியாகச் சொன்னதைச் சற்று ஒழுங்குபடுத்தி இங்கு எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். கதிர் எங்கெங்கே செல்கிறது, எங்கே போய் முடிகிறது என்பதை முற்றும் அறிந்த பிறகே விசையைத் திருப்ப வேண்டும். இனி வருவன எல்லாம் இதன் விரிவுரையே.

லேசர் என்பது யாது?

சாதாரண விளக்கில் கோடானுகோடி அணுக்கள் ஒளியை உமிழ்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் தன் போக்கில், தனக்குத் தோன்றிய நேரத்தில், தனக்குத் தோன்றிய திசையில் உமிழ்கிறது. சந்தையில் ஆளுக்கொரு பக்கம் பேசுவதை ஒத்தது அது. லேசரிலோ அணுக்கள் ஒரே சுருதியில் பாடுகின்றன. கிளர்ச்சியுற்ற ஓர் அணுவை ஒளி ஒன்று கடந்து செல்லும்போது, அந்த அணு அதே அலைநீளத்தில், அதே திசையில், அதே கட்டத்தில் இன்னோர் ஒளித்துகளைத் தரும். இதனைத் தூண்டிய உமிழ்வு என்பர். 1917-ஆம் ஆண்டிலேயே ஐன்ஸ்டைன் இக்கருத்தை விளக்கினார். கிளர்ச்சியுற்ற அணுக்கள் மிகுந்த ஒரு பொருளை எதிரெதிரான இரண்டு ஆடிகளுக்கிடையே வைத்தால், ஒளி அங்குமிங்கும் ஓடி ஓடிப் பெருகி, ஓர் ஆடியின் வழியே சிறிது சிறிதாக வெளியேறும். அவ்வளவுதான் லேசர்.

கருத்துப் பிறந்து 40 ஆண்டுகளுக்கு மேல் சென்ற பின்னரே கருவி பிறந்தது. 1960-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள ஹியூஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் தியோடர் மைமன் என்பவர், மாணிக்கக்கல் தண்டு ஒன்றிலிருந்து 694.3 நானோமீட்டர் அலைநீளமுள்ள செந்நிறக் கதிரைப் பெற்றார். அவ்வாண்டின் இறுதியிலேயே பெல் ஆய்வுக்கூடத்தில் அலி ஜவான், பென்னட், ஹெரியட் ஆகியோர் ஹீலியம்-நியான் லேசரை இயக்கிக் காட்டினர்.

நமக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. திருச்சியில் பிறந்த சி. வி. இராமன் 1928-இல் கல்கத்தாவில் தம் பெயர் கொண்ட விளைவைக் கண்டபோது அவருக்குக் கிடைத்த ஒளி ஞாயிற்றின் ஒளியும் பாதரச விளக்கின் ஒளியுமே. மிக மங்கலான அக்கோடுகளைப் படமெடுக்க ஒளித்தட்டை நெடுநேரம் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று லேசர்க் கதிரைப் பாய்ச்சினால் அதே நிறமாலை சில நொடிகளில் திரையில் வந்து நிற்கிறது. அத்துணைச் செறிவான ஒளி. அந்தச் செறிவே அதன் பயனுக்கும் காரணம். அதன் ஆபத்துக்கும் காரணம்.

கண்ணுக்குள் நிகழ்வது

“ஒரு மில்லிவாட் என்ன செய்துவிடும்? வீட்டு விளக்கே 10 வாட் ஆயிற்றே?” என்று கேட்பாரும் உண்டு. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நண்பகலில் ஞாயிற்றை நேரே பார்த்தால், சுருங்கி 2 மில்லிமீட்டர் அகலமே உள்ள நம் கண்ணின் பாவை வழியே ஏறத்தாழ 3 மில்லிவாட் உட்செல்லும். அது விழித்திரையில் 0.16 மில்லிமீட்டர் அகலமுள்ள பிம்பமாக விழும். ஒரு மில்லிவாட் லேசர்க் கதிரோ இணைகதிராக வருவதால், கண்ணின் வில்லை அதனை 0.02 மில்லிமீட்டர் அகலமுள்ள புள்ளியாகக் குவித்துவிடும். புள்ளியின் பரப்பு ஞாயிற்றின் பிம்பத்தில் 64-இல் ஒரு பங்கு. ஒளியோ மூன்றில் ஒரு பங்கு. எனவே அந்தப் புள்ளியில் செறிவு ஞாயிற்றைக் காட்டிலும் சுமார் 20 மடங்கு! வீட்டு விளக்கின் 10 வாட் அறை முழுவதும் சிதறிப் போகிறது. லேசரின் ஒரு மில்லிவாட் ஊசிமுனையாகி நிற்கிறது.

400 முதல் 1400 நானோமீட்டர் வரையுள்ள ஒளியைக் கண் இவ்வாறு விழித்திரைமேல் குவிக்கிறது. இதில் 700-க்கு மேற்பட்ட பகுதி நம் கண்ணுக்குப் புலப்படாது. புலப்படாத ஒளிக்கு இமை மூடாது. ஆகவே அதுவே மிகக் கொடியது. விழித்திரையில் வலி உணரும் நரம்பு இல்லை. எரிந்த இடம் மீண்டும் முளைப்பதும் இல்லை. பார்வையின் நடுப்புள்ளியில் அடிபட்டால், அதன்பின் புத்தகத்தில் எந்தச் சொல்லை நோக்கினாலும் அந்தச் சொல்லே மறைந்து நிற்கும்.

இதனால்தான் லேசர்களை வகுப்புகளாகப் பிரித்து ஒவ்வொன்றின்மேலும் சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். முதல் வகுப்பு இயல்பான பயனில் தீங்கற்றது. இரண்டாம் வகுப்பு, ஒரு மில்லிவாட்டுக்கு மேற்படாத, கண்ணுக்குப் புலப்படும் கதிர். கால் நொடிக்குள் இமை மூடிக்கொள்வதே இதற்குப் பாதுகாப்பு. 3ஆர் என்பது தொடர்கதிராயின் 5 மில்லிவாட் வரை. 3பி என்பது 500 மில்லிவாட் வரை. இதனை நேராகவோ ஆடியில் பட்டுத் திரும்பிய நிலையிலோ பார்ப்பது கேடு. அதற்கும் மேற்பட்டது நான்காம் வகுப்பு. இது சுவரில் பட்டுச் சிதறினாலும் கண்ணைக் கெடுக்கக்கூடும், தோலைச் சுடும், தாளைக் கொளுத்தும். புதிய மேசைக்குச் சென்றதும் முதலில் படிக்க வேண்டியது அந்தச் சீட்டைத்தான். 140 பக்கம் பிறகு.

மேசையை அமைக்கும் முறை

நான் வேலை செய்வது நியோடிமியம்-யாக் துடிப்பு லேசரில். அதன் பிறவிக் கதிர் 1064 நானோமீட்டர், கண்ணுக்குப் புலப்படாதது. ஒரு படிகத்தின் வழியே செலுத்தி அதில் ஒரு பகுதியை 532 நானோமீட்டர் பச்சைக் கதிராக மாற்றிக் கொள்கிறோம். துடிப்பு ஒன்றுக்கு 100 மில்லிஜூல். அது நீடிப்பது 10 நானோநொடி. வகுத்துப் பாருங்கள்: அந்தக் கணத்தில் அதன் திறன் ஒரு கோடி வாட். நாம் இமை மூடக் கால் நொடி ஆகும். அந்தக் கால் நொடிக்குள் இத்தகைய துடிப்பு இரண்டரைக் கோடி அடங்கும். ஆகவே இங்கே இமையை நம்பிப் பயனில்லை.

முதலில் தாளில் படம் வரைய வேண்டும். எந்த ஆடி எங்கே, எந்த வில்லை எங்கே, ஒவ்வொரு பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி எங்கே என்று கோடு போட வேண்டும். பூச்சற்ற சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்கைத் திருப்பி அனுப்பும். 100 மில்லிஜூலில் 4 பங்கு 4 மில்லிஜூல். கண் தாங்கக்கூடியதோ ஒரு மைக்ரோஜூலுக்கும் குறைவு. நாம் பொருட்படுத்தாது விட்ட திரும்பு கதிரும் அளவுக்கு மேல் 4000 மடங்கு உடையது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

அடுத்து, கதிர் முழுவதும் மேசைப் பரப்புக்கு மேல் ஒரே உயரத்தில் செல்ல வேண்டும். எங்கள் மேசையில் அது 10 சென்டிமீட்டர். கதிரை மேல்நோக்கித் திருப்பும் ஆடி தவிர்க்க முடியாததாயின் அதனைச் சுற்றி மறைப்பு வேண்டும். ஒவ்வொரு தாங்கியையும் மேசையோடு திருகாணியால் இறுக்க வேண்டும்; “பிறகு இறுக்கலாம்” என்பது கூடாது. கதிர் முடியுமிடத்தில் உலோக ஒளிவிழுங்கி இருக்க வேண்டும். கருப்புத் தாளை வைத்துவிட்டு நிறைவடைபவர் உண்டு. தாள் புகைந்து ஓட்டையாகி, கதிர் மறுபுறம் சென்றுவிடும். பச்சையாக மாறாது எஞ்சிய 1064-ஐயும் மறத்தலாகாது. அதனைத் தனியே பிரித்து அதற்கென வேறோர் ஒளிவிழுங்கிக்குள் செலுத்த வேண்டும். அது எங்கே போகிறது என்பதை, அகச்சிவப்புப் பட்டால் ஒளிரும் அட்டையைக் கொண்டு தேடிப் பார்க்கலாம்.

கதிரை நேர்படுத்தல்

விபத்துகள் மிகுதியாக நேர்வது இந்த வேலையின்போதுதான். ஆகவே நேர்படுத்துவதைப் பெரிய கதிரில் தொடங்கக் கூடாது. ஒரு மில்லிவாட் ஹீலியம்-நியான் செங்கதிரை முதலில் பாதை முழுதும் ஓட்டிப் பார்த்து, இரண்டு இடங்களில் நடுத்துளைத் தடுப்புகளை நிறுத்திக் கொள்ள வேண்டும். ஆய்வுக்கூடத்தில் இவற்றை ஐரிஸ் என்பர். பிறகு பச்சைக் கதிரை மிகக் குறைந்த ஆற்றலில் திறந்து, அதே இரண்டு துளைகளின் வழியே செல்லச் செய்ய வேண்டும்.

இதற்கு ஆடி இரண்டு போதும். ஆனால் முறை தெரிய வேண்டும். லேசரிலிருந்து வரும் கதிர் முதலில் படும் ஆடியைத் திருகி, அருகிலுள்ள துளையின் நடுவுக்குக் கதிரைக் கொண்டுவருக. இரண்டாம் ஆடியைத் திருகி, தொலைவிலுள்ள துளையின் நடுவுக்குக் கொண்டுவருக. இப்போது அருகிலுள்ள துளையில் சற்று விலகியிருக்கும். மீண்டும் முதல் ஆடி, மீண்டும் இரண்டாம் ஆடி. ஐந்தாறு முறையில் இரண்டும் பொருந்திவிடும். மாற்றித் திருகினால் பிழை குறைவதற்குப் பதிலாக வளர்ந்துகொண்டே போகும். என் முதல் வாரம் முழுவதும் இப்படித்தான் வீணாயிற்று.

காப்புக் கண்ணாடியைப் பற்றி ஒரு சொல். அது எந்த அலைநீளத்துக்கு, எவ்வளவு தடுக்கும் என்பது அதன்மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஒளியடர்த்தி எண் 6 எனில் பத்து லட்சத்தில் ஒரு பங்கே உட்புகும் என்று பொருள். எங்கள் லேசருக்கு 532, 1064 ஆகிய இரண்டையும் தடுப்பது வேண்டும். பக்கத்து மேசைக்காரரின் கண்ணாடி நமக்கு உதவாது. பச்சையைத் தடுக்கும் கண்ணாடி செம்மஞ்சளாக இருக்கும். அதன் வழியே பச்சைப் புள்ளி தெரியாது. தெரியவில்லை என்பதற்காகக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவதே பெரும்பாலோர் செய்யும் பிழை. அதற்கு எளிய வழி உண்டு. ஒளிரும் செம்மஞ்சள் வண்ணத் தாள் துண்டைக் கதிரில் காட்டினால், பச்சை பட்ட இடம் செம்மஞ்சளாக ஒளிரும். கண்ணாடி வழியாகவே புள்ளியைக் காணலாம்.

ஒரு மாலை நடந்தது

இந்த எளிய வழியை நான் கற்றது பிழை செய்த பிறகே. அந்நிகழ்ச்சியையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் சேர்ந்த முதல் ஆண்டின் குளிர்காலம். கதிரின் ஆற்றலை அளப்பதற்காக, அதன் பாதையில் ஒரு கண்ணாடித் தகட்டைச் சாய்த்து வைத்து, திரும்பும் சிறு பங்கை அளவிக்குள் செலுத்த முயன்றேன். லேசரை 5 மில்லிஜூலுக்குக் குறைத்திருந்தேன். அதனால் அச்சம் இல்லை. பச்சைப் புள்ளி தெரியவில்லை என்று காப்புக் கண்ணாடியையும் நெற்றிமேல் ஏற்றிவிட்டேன். தகட்டின் தாங்கியைச் சற்றே திருகினேன். அளவியின் முள் சுழிக்கு விழுந்தது. கதிர் அளவியை விட்டு விலகிவிட்டது என்று உணர்ந்து தலை நிமிர்ந்தேன். கதவோரச் சுவரில் ஒரு பச்சைப் புள்ளி துடித்துக் கொண்டிருந்தது.

அந்தச் சுவரையொட்டி ஒரு முக்காலி உண்டு. எங்கள் கூடத்துப் பணியாளர், நாங்கள் யாவரும் ‘சாச்சா’ என்றழைக்கும் முதியவர், குளிர்காலத்தில் லேசரின் குளிர்விப்பானிலிருந்து வரும் வெப்பக்காற்றுக்காக அங்கேதான் அமர்ந்திருப்பார். புள்ளி இருந்தது அவர் அமர்ந்தால் முகம் வரும் உயரத்தில். அன்று ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் அவர் தேநீர் வாங்க எழுந்து போயிருந்தார்.

ஓடிப்போய்த் தடுப்பை மூடினேன். பிறகு கணக்கிட்டேன். 5 மில்லிஜூலில் 4 பங்கு 200 மைக்ரோஜூல். கண் தாங்குவதைப் போல் 200 மடங்குக்கு மேல். ஆடியோ தகடோ ஒரு பாகை திரும்பினால் கதிர் இரண்டு பாகை திரும்பும். 3 மீட்டர் தொலைவில் அது 10 சென்டிமீட்டருக்கு மேல். நான் திருகியது மயிரிழை. அது கடந்ததோ ஒரு மனிதரின் இருக்கை. சாச்சா தேநீரோடு வந்து, “ஏன் பேட்டா, முகம் இப்படி வெளிறிக் கிடக்கிறது?” என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் நடைக்கூடத்தில் போட்டுக் கொண்டார். அந்தக் குளிரில் அவரை வெளியே உட்கார வைத்தது நான். அதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த நாளே என் ஆசிரியரிடமும் சொன்னேன். அவ்வாரமே மேசையைச் சுற்றிலும் கதிரின் உயரத்துக்கு மேல் உலோகத் தடுப்புச் சுவர் எழுப்பினோம். அளவியின் பின்னும், ஒவ்வோர் ஆடியின் பின்னும், விலகும் கதிரைப் பிடிக்க ஒரு தடுப்பு வைத்தோம். அதன் பிறகே சாச்சாவின் முக்காலி உள்ளே திரும்பிற்று. காப்புக் கண்ணாடி அணிந்தவரை மட்டுமே காக்கும். தடுப்புச் சுவரோ அறைக்குள் வரும் அனைவரையும் காக்கும். தேநீர் கொண்டுவருபவருக்கு நம் கதிரின் கணக்குத் தெரியாது. அவருக்காகவும் கணக்கிட வேண்டியவர் நாமே.

மின்சாரமும் மறவற்க

லேசர் என்றதும் கண்ணையே நினைக்கிறோம். கண்ணைக் கெடுப்பது கதிர். ஆனால் உயிரைப் பறிக்க வல்லது மின்வழங்கிப் பெட்டி. சிறு ஹீலியம்-நியான் குழாய்க்கும் தொடங்குகையில் சுமார் 10,000 வோல்ட் வேண்டும். துடிப்பு லேசரின் பெட்டியில் மின்தேக்கிகள் உள்ளன. 1000 வோல்ட்டுக்கு ஏற்றிய 50 மைக்ரோபாரட் மின்தேக்கியில் 25 ஜூல் தேங்கி நிற்கும். மின்னிணைப்பைப் பிடுங்கிய பிறகும் அது அங்கேயே நிற்கக்கூடும். ஆகவே பயிற்சி பெறாத மாணவர் அப்பெட்டியைத் திறக்கவே கூடாது. பயிற்சி பெற்றவரும் தனியே இருக்கும்போது திறக்கலாகாது. குளிர்விக்கும் நீர் கசிந்து தரையில் தேங்கியிருந்தால், அதைத் துடைக்குமுன் எதையும் தொடாதீர்கள்.

இன்னொன்று. நம் ஊர்களில் மின்சாரம் போவதும் வருவதும் புதிதன்று. மின்சாரம் போன உடனே சாவியை நிறுத்தத்துக்குத் திருப்பிவிடுங்கள். இருட்டில் மேசைமேல் குனிந்து நாம் எதையோ தேடும் வேளையில் அது திரும்பி வரலாம்.

தொடங்குதலும் நிறுத்தலும்

நாள்தோறும் நான் பின்பற்றும் ஒழுங்கு இது. கைக்கடிகாரம், மோதிரம், வளையல், கழுத்துச்சங்கிலி, கைப்பேசி ஆகியவற்றைக் கழற்றி வெளியே வைப்பேன். பளபளக்கும் எதுவும் ஓர் ஆடியே. கோடையில் புழுதிக்காற்று அடித்த மறுநாள், லேசரை இயக்குமுன் ஆடிகளைப் பார்த்துத் தூசி நீக்குவேன். வலிய கதிர் பட்டால் தூசி எரிந்து ஆடியின் பூச்சைக் கெடுத்துவிடும். முதல் நாள் யாரேனும் எதையேனும் நகர்த்தினரா என்று பாதை முழுவதையும் கண்ணால் நடந்து வருவேன். கதவை மூடி, எச்சரிக்கை விளக்கை ஏற்றி, உள்ளிருப்போர் அனைவரும் காப்புக் கண்ணாடி அணிந்த பின், குளிர்விக்கும் நீரை ஓடவிடுவேன். அதன் பிறகே சாவி. “கதிர் திறக்கிறேன்” என்று உரக்கச் சொல்லிவிட்டு, குறைந்த ஆற்றலில் திறப்பேன். வேலைக்கு நடுவே திருகாணி கீழே விழுந்தால், முதலில் கதிரை மூடி, பிறகே குனிவேன். குனியும்போது கண் கதிரின் உயரத்தைக் கடக்கிறதன்றோ? நிறுத்தும்போது முதலில் தடுப்பு, பிறகு லேசர், நீர் இன்னும் சில நிமிடம் ஓடிய பின் குளிர்விப்பான். இறுதியில் சாவியை எடுத்து ஆசிரியரின் பெட்டிக்குள் வைத்துவிடுவேன்.

கண்ணில் ஏதோ மின்னியது போலவோ, பார்வையில் ஒரு புள்ளி நிலைத்து நிற்பது போலவோ ஐயம் தோன்றினால், வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். வேலையை நிறுத்தி, ஆசிரியரிடம் சொல்லி, அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது லேசர் மேசைக்கென்றே சொன்னது போலிருக்கிறது.

தம்பி, தங்கையரே! இவ்வளவும் படித்து அஞ்சிவிட வேண்டாம். மூன்று ஆண்டுகளாக நாள்தோறும் அந்தப் பச்சைக் கதிரோடு வேலை செய்கிறேன். இராமன் கண்ட கோடுகளை என் திரையிலும் முதன்முதலாகக் கண்ட நாளின் மகிழ்ச்சியை இன்றும் மறக்கவில்லை. அந்த மகிழ்ச்சி உங்களுக்கும் கிட்ட வேண்டும். வரும் ஆண்டு நான் ஊர் திரும்பும்போது என் மேசை வேறொருவர் கைக்குச் செல்லும். அவர் முதல் நாள் கேட்க வேண்டிய கேள்வி, “இந்த லேசர் எவ்வளவு வலியது?” என்பதன்று, “இந்தக் கதிர் எங்கே போய் முடிகிறது?” என்பதே. அதற்கு விடை தெரிந்த பின் சாவியைத் திருப்பட்டும்.